பதிப்பு மாறினால் பாக்டீரியா மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

மண், சாணம், கோழிக்குடல் என்று எதை எடுத்தாலும் 16எஸ் சீக்வென்சிங் (16எஸ் மரபணுவைப் படித்து எந்தப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று காணும் முறை) செய்து பார்க்கும் வழக்கம் கொங்குப் பகுதியில் கல்லூரி ஆய்வகங்களைத் தாண்டிப் பண்ணைகள் வரைக்கும் வந்துவிட்டது. இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத் தொடுகின்றன: நுண்ணுயிருக்குப் பெயர் சொல்லும் (சில்வா, கிரீன்ஜீன்ஸ், ஜிடிடிபி போன்ற) தரவுத்தளத்தின் பதிப்பு. அதனால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பவானி வட்டாரத்தில் மஞ்சள் வயல்களின் வேர்மண்ணை இரண்டு பருவமாக ஆராய்கிறேன். முதல் பருவத்துக்கு சில்வா 132, இரண்டாம் பருவத்துக்கு சில்வா 138.1 பயன்படுத்தினோம். முதல் பருவத்தில் நிறைய இருந்த டெல்டாபுரோட்டியோபாக்டீரியா இரண்டாம் பருவத்தில் அடியோடு இல்லை. மிக்சோகாக்கோட்டா என்று ஒரு தொகுதி புதிதாக வந்திருக்கிறது. இடையில் தொழு உரத்தைக் கூட்டினோம். அதன் விளைவு என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவி, பவானி

எழுத வேண்டாம். மண்ணில் எதுவும் காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. வகைப்பாட்டின் படிகள் மேலிருந்து கீழாகத் தொகுதி, வகுப்பு, ஆர்டர், குடும்பம், பேரினம், சிற்றினம். சில்வா 132-இல் டெல்டாபுரோட்டியோபாக்டீரியா என்பது புரோட்டியோபாக்டீரியா தொகுதிக்குள் ஒரு வகுப்பு. 2019 டிசம்பரில் வந்த 138-இல் அந்த வகுப்பையே கலைத்துவிட்டார்கள். அதிலிருந்தவை மிக்சோகாக்கோட்டா, டீசல்ஃபோபாக்டரோட்டா, டெல்லோவிப்ரியோனோட்டா என்று தனித்தனித் தொகுதிகளாகப் போய்விட்டன. உங்கள் இரண்டாம் பருவத்தில் புரோட்டியோபாக்டீரியாவின் மொத்த விழுக்காடும் குறைந்திருக்கும், பாருங்கள். அதற்கும் உரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக இதை வைத்துச் சொல்ல முடியாது.

2001 கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரமும் காங்கேயமும் 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தன. இரண்டு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, பத்தாண்டில் ஈரோட்டை விட்டு இத்தனை லட்சம் பேர் வெளியேறினார்கள் என்று யாரும் எழுத மாட்டார்கள். உங்கள் வரைபடத்தில் நடந்திருப்பது அதுதான்.

இதே வகைக் குழப்பம் இன்னும் சில இடங்களிலும் வரும். சில்வா 128-இல் பீட்டாபுரோட்டியோபாக்டீரியா தனி வகுப்பு. 132-இல் அது காமாபுரோட்டியோபாக்டீரியாவுக்குள் பீட்டாபுரோட்டியோபாக்டீரியேல்ஸ் என்ற ஆர்டராக இறங்கியது. 138-இல் அந்த ஆர்டரின் பெயர் பர்க்ஹோல்டீரியேல்ஸ் ஆனது. பாக்டீராய்டீட்ஸ் 138-இல் பாக்டீராய்டோட்டா, ஆக்டினோபாக்டீரியா என்ற தொகுதி ஆக்டினோபாக்டீரியோட்டா. இரண்டு பதிப்பின் அட்டவணைகளை அப்படியே ஒட்டி வைத்தால் இவை ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் மட்டும் இருப்பதாகத் தெரியும். டீசெக்2, ஆன்காம் போன்ற வேறுபாட்டுச் சோதனைகளும் இவற்றுக்கு மிகச் சிறிய பி-மதிப்பைத் தூக்கிக் கொடுக்கும். சோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கொடுத்த அட்டவணைதான் தவறு.

செய்ய வேண்டியது இது. இரண்டு பருவத்தின் மூல ஃபாஸ்ட்-க்யூ ஃபைல்களையும் (சீக்வென்சிங் கருவி படித்தது அப்படியே இருப்பவை) எடுங்கள். பிரைமரை (பெருக்கும் பகுதியின் முனைகளில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டிலும் ஒரே மாதிரி நீக்குங்கள். படிப்புப் பிழைகளைக் களையும் டாடா2 நிரலை ஒவ்வொரு சீக்வென்சிங் ரன்னுக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள், ஏனென்றால் பிழை மாதிரியை அது அந்தந்த ரன்னிலிருந்து கற்றுக்கொள்கிறது. பிறகு இரண்டு ஏஎஸ்வி (பிழை களைந்த பின் மிஞ்சும் தனித்தனிச் சீக்வென்ஸ்) அட்டவணைகளையும் இணைத்து, கைமீராவை (இரண்டு சீக்வென்ஸ் ஒட்டிப் பிறந்த போலி) நீக்கி, கிடைத்த மொத்த ஏஎஸ்வி பட்டியலுக்கும் ஒரே பதிப்பால் ஒரே தடவையில் பெயர் இடுங்கள்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்னும் பின்னும் படித்து இணைத்த ரீட்களில் (ரீட் என்பது கருவி படித்த ஒரு துண்டு) ஏஎஸ்வியின் இரு முனைகளையும் பிரைமர்தான் தீர்மானிக்கிறது. ஆகவே தரம் குறைந்த கடைசிப் பகுதியை ஒரு ரன்னில் 240-லும் இன்னொன்றில் 230-லும் வெட்டியிருந்தாலும், ரீட்கள் ஒன்றின்மேல் ஒன்று போதிய அளவு படிகிற வரை தொல்லையில்லை. ஒற்றைப் பக்க ரீட்டாக இருந்தால் நிலைமை வேறு. வெட்டும் நீளம் ஒரு எழுத்து மாறினாலும் அது புது ஏஎஸ்வி, எம்டி5 அடையாள எண்ணும் புதிது. இரண்டு பருவத்துக்கும் பொதுவான ஏஎஸ்வி ஒன்றுகூட இல்லையென்றால் முதலில் பிரைமர் நீக்கத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு ஆறுதல்: பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு, மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அளக்கும் பிரே–கர்ட்டிஸ் தூரம் ஆகியவற்றை ஏஎஸ்வி அளவிலேயே கணக்கிட்டிருந்தால் தரவுத்தளப் பதிப்பு அவற்றைத் தொடாது. பேரினமாகவோ தொகுதியாகவோ கூட்டிய பிறகு கணக்கிட்டவைதான் மாறும். பெயரை ஒன்றாக்கிய பிறகும், இரண்டு பருவமும் வெவ்வேறு ரன் என்பதால் வரும் வேறுபாடு அப்படியே இருக்கும். முதல் பருவத்து டிஎன்ஏ கொஞ்சம் மிச்சமிருந்தால், சில மாதிரிகளை அடுத்த ரன்னில் சேர்த்து ஓட்டுவது அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறேனுங்க. தீவனத்தில் புரோபயாடிக் கலந்து, குடல் பரிசோதனையை இரண்டு லேபில் செய்தோம். ஒரு ரிப்போர்ட்டில் லாக்டோபேசில்லஸ் ஏராளம். இன்னொன்றில் அது கொஞ்சம்தான். அதற்குப் பதில் லிஜிலாக்டோபேசில்லஸ், லிமோசிலாக்டோபேசில்லஸ் என்று என்னென்னவோ இருக்கிறது. எந்த லேப் ஏமாற்றுகிறது?
– பண்ணையாளர், நாமக்கல்

இரண்டும் ஏமாற்றாமலே இப்படி வரலாமுங்க. 2020 ஏப்ரலில் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்தார்கள். கோழிக்குடலில் வழக்கமாகக் காண்கிற சலிவேரியஸ் லிஜிலாக்டோபேசில்லஸுக்கும், ரியூட்டரி லிமோசிலாக்டோபேசில்லஸுக்கும் போய்விட்டன. கிரிஸ்பேட்டஸ் பழைய லாக்டோபேசில்லஸிலேயே இருக்கிறது. பழைய தரவுத்தளம் வைத்திருக்கும் லேப் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூட்டிக் காட்டும். புதியதை வைத்திருக்கும் லேப் பிரித்துக் காட்டும். உங்கள் புரோபயாடிக் பாக்கெட்டிலும் பழைய பெயரே அச்சாகியிருக்கலாம்.

ஒப்பிட வேண்டுமானால் இரண்டாவது ரிப்போர்ட்டில் "லாக்டோபேசில்லஸ்" என்று முடிகிற பேரினங்களையும், லாக்டிபிளான்டிபேசில்லஸ், லாக்டிகேசிபேசில்லஸ் போன்றவற்றையும் கூட்டி, முதல் ரிப்போர்ட்டின் ஒற்றை எண்ணோடு வைத்துப் பாருங்கள். குடும்ப அளவில் ஒப்பிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது இங்கே சரிவராது. அதே 2020 மாற்றத்தில் லியூகோநாஸ்டாக், வைசெல்லா ஆகியவற்றின் குடும்பத்தையும் லாக்டோபேசில்லேசியேவோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே புதிய ரிப்போர்ட்டில் அந்தக் குடும்பத்தின் எண் காரணமில்லாமல் கூடியிருக்கும்.

கூட்டிய பிறகும் எண்கள் வெகுவாக விலகினால், மாதிரி எடுத்த இடத்தைக் கேளுங்கள். சிறுகுடலின் கடைப்பகுதியிலும் குருட்டுக்குடலிலும் இருக்கும் கூட்டம் வேறு வேறு. சிறுகுடலில் லாக்டோபேசில்லஸ் வகையறா மேலோங்கியிருக்கும், குருட்டுக்குடலில் கிளாஸ்டிரிடியா வகையறா. அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போதே மூன்றை எழுதி வாங்குங்கள்: தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும், 16எஸ் மரபணுவின் எந்தப் பகுதியைப் படித்தார்கள் (வி4 அல்லது வி3–வி4), மூல ஃபாஸ்ட்-க்யூ ஃபைல்கள். காசு கொடுத்துச் செய்கிற பரிசோதனை, மூல ஃபைல் உங்களுடையது. அது கையில் இருந்தால் பத்து வருடம் கழித்தும் புதிய பெயர்களோடு திரும்பப் பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கொடுத்த புரோபயாடிக்கின் அதே ரகம் குடலில் தங்கியதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. 16எஸ் பகுதியில் ஒரு சிற்றினத்தின் ரகங்களைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு வேறுபாடு இருக்காது. அதற்கு அந்த ரகத்துக்கென்றே வடிவமைத்த பிசிஆர் வேண்டும்.

க்யூமி2 (நுண்ணுயிர்த் தரவை ஆராயும் மென்பொருள்) பயன்படுத்துகிறோம். அதற்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருக்கும் சில்வா கிளாசிஃபையரை (பெயரிடும் கருவி) இறக்கிப் பயன்படுத்தினால், அது சார்ந்திருக்கும் சைகிட்-லேர்ன் நிரல் தொகுப்பின் பதிப்பு பொருந்தவில்லை என்று நிற்கிறது. சொந்தமாகத் தயாரிக்கலாம் என்றால் பாதியில் கணினி உறைந்துபோகிறது. வி3–வி4 ரீட்கள், 341எஃப் / 805ஆர் பிரைமர்.
– முதுகலை மாணவர்கள், கோவை

அந்தத் தடை உங்கள் நன்மைக்கே. பயிற்சி கொடுத்த கிளாசிஃபையர் என்பது சைகிட்-லேர்னின் உள்ளமைப்பை அப்படியே சேமித்து வைத்த ஃபைல். வேறு பதிப்பில் திறந்தால் தவறான விடை வரலாம் என்பதால் க்யூமி2 மறுக்கிறது. சைகிட்-லேர்னை மட்டும் தனியாக இறக்கியோ ஏற்றியோ பொருத்தப் பார்க்காதீர்கள், அந்தச் சூழலில் மற்றவை உடையும். உங்கள் க்யூமி2 வெளியீட்டுக்கென்றே தரப்பட்ட கிளாசிஃபையரை இறக்குங்கள், அல்லது நீங்களே பயிற்சி கொடுங்கள். இரண்டாவதே எங்கள் பரிந்துரை, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரெஸ்கிரிப்ட் என்ற துணைத்தொகுப்பில் வேலை இப்படிப் போகும். சில்வாவின் எஸ்எஸ்யு ரெஃப் என்ஆர்99 தொகுப்பை இறக்குங்கள். இது ஆர்என்ஏ எழுத்துகளில் வரும், அதாவது டி இருக்க வேண்டிய இடமெல்லாம் யு இருக்கும். இதை டிஎன்ஏவாக மாற்றும் படியைத் தாண்டிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர். அடுத்து, ஐந்து அல்லது அதற்கு மேல் தெளிவற்ற எழுத்துகள் உள்ளவற்றையும், ஒரே எழுத்து எட்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வருபவற்றையும் கழியுங்கள். நீள வடிகட்டலில் ஆர்க்கியாவுக்கு 900, பாக்டீரியாவுக்கு 1200, யூகேரியாட்டுகளுக்கு 1400 என்று கீழ்வரம்பு வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே 1200 வைத்தால் ஆர்க்கியா அநியாயமாகக் குறையும். பிறகு ஒரே சீக்வென்சும் ஒரே பெயரும் கொண்ட நகல்களை நீக்குங்கள். அடுத்து உங்கள் பிரைமர் இணையால் வி3–வி4 பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள். வெட்டிய பிறகு புதிதாக நகல்கள் உருவாகும், ஆகவே நகல் நீக்கத்தை இன்னொரு முறை ஓட்டிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போக வேண்டும்.

வெட்டும் படியில் வெளியே வரும் சீக்வென்ஸ்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால், 805ஆர் பிரைமரைத் திருப்பி எழுதியிருப்பீர்கள். கடைக்கு ஆர்டர் கொடுத்தபடியே, 5' முனையிலிருந்து கொடுக்க வேண்டும்: ஜிஏசிடிஏசிஎச்விஜிஜிஜிடிஏடிசிடிஏஏடிசிசி. இந்த எழுத்துகளுக்கு எதிர்நிரப்பியைக் கொடுத்தால் எதுவும் சிக்காது.

கணினி உறைவதற்குக் காரணம் நினைவகம். முழுநீள சில்வாவுக்கு 32 ஜிபி ரேம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதி வெட்டிய தொகுப்புக்குத் தேவை குறையும். பெயரிடும்போது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை 1 ஆக வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வேலையும் கிளாசிஃபையரின் முழு நகலை நினைவகத்தில் ஏற்றும். ஒரு தடவைக்கு 1000 ரீட் போதும். "இடமில்லை" என்ற பிழை வந்தால் பார்க்க வேண்டியது வன்தட்டில் உள்ள தற்காலிகக் கோப்புறை. அதைப் பெரிய வட்டுக்கு மாற்றிக் காட்டுங்கள்.

புதிய பதிப்பு என்றால் பெரியதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். என்ஆர்99 தொகுப்பு 132-இல் சுமார் 6.95 லட்சம் சீக்வென்ஸ், 138.1-இல் சுமார் 5.10 லட்சம். ஃபைல் சரியாக இறங்கவில்லையோ என்று பயந்து நாலைந்து முறை இறக்குகிறவர்கள் உண்டு, அதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறோம். சில்வாவின் சிற்றினப் பெயர்களையும் நம்பி எழுதாதீர்கள். பேரினம் வரைக்கும்தான் அவர்கள் சரிபார்க்கிறார்கள், சிற்றினப் பெயர் சீக்வென்சை ஒப்படைத்தவர் எழுதியது.

கிளாசிஃபையர் தயாரானதும், கலவை தெரிந்த மாதிரி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஸைமோவின் தரக்கலவையில் எட்டு பாக்டீரியாவும் இரண்டு ஈஸ்ட்டும் இருக்கும். எட்டும் வருகின்றனவா, எந்தப் பெயரில் வருகின்றன என்பதைக் குறித்து வைத்தால் உங்கள் பதிப்பின் குணம் ஒரே பார்வையில் தெரியும். எஷரிச்சியா மட்டும் சில்வாவில் "எஷரிச்சியா-ஷிகெல்லா" என்று இரட்டைப் பெயரில் வரும். அதைக் கண்டு ஷிகெல்லா இருப்பதாக அறிக்கை எழுதிவிடக் கூடாது.

மஞ்சளில் கிழங்கழுகல் வந்த வயலிலிருந்து, பூஞ்சைகளை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் பகுதியைப் படித்தோம். பித்தியம் ஒன்றுகூட வரவில்லை. "பூஞ்சை, பெயர் தெரியாதவை" மட்டும் குவிந்திருக்கிறது.
– ஈரோடு

ஐடிஎஸ்ஸுக்கான யுனைட் தரவுத்தளத்தில் பூஞ்சைகளுக்கு மட்டும் ஒரு தொகுப்பு, எல்லா யூகேரியாட்டுகளுக்கும் இன்னொரு தொகுப்பு என்று ஒவ்வொரு பதிப்பிலும் தனித்தனியாக வெளியிடுகிறார்கள். நீங்கள் எடுத்தது முதலாவது என்று தெரிகிறது. கிழங்கழுகலுக்குக் காரணமான பித்தியம் பூஞ்சையே அல்ல, ஊமைசீட் (பூஞ்சை போலத் தோன்றும் வேறு வகை உயிர்). அதன் சீக்வென்ஸ் பூஞ்சைத் தொகுப்பில் இல்லாததால் கிளாசிஃபையர் அதைப் "பூஞ்சை" என்ற மேல்மட்டத்தில் ஒப்புக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அதே பதிப்பின் எல்லா யூகேரியாட் தொகுப்பால் திரும்பப் பெயரிடுங்கள். குவிந்திருக்கும் ஏஎஸ்விகளில் அளவு அதிகமான ஐந்தாறை எடுத்து என்சிபிஐ தளத்தின் பிளாஸ்ட் தேடலில் போட்டாலும் உடனே தெரிந்துவிடும். ஐடிஎஸ்ஸுக்குப் பயிற்சி கொடுக்கும்போது 16எஸ் போலப் பிரைமரால் வெட்டாமல் யுனைட் சீக்வென்ஸ்களை அப்படியே பயன்படுத்துவது நல்லது, ஏனென்றால் பல பதிவுகளில் பிரைமர் அமரும் இடமே இருக்காது. வெட்டினால் அவை எல்லாம் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று: பூஞ்சைக்கென்று செய்த பிரைமர் சில ஊமைசீட்டுகளைச் சரியாகப் பெருக்காது. இவ்வளவு செய்தும் பித்தியம் வரவில்லையென்றால் தரவுத்தளத்தைக் குறை சொல்ல முடியாது.

ஜிடிடிபி தரவுத்தளத்துக்கு மாறினோம். வயலுக்கு சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் கொடுத்தும் முடிவில் அந்தப் பேரினம் இல்லை. வேர்த்திசு மாதிரிகளில் ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா மட்டும் திடீரென்று ஏறியிருக்கிறது.
– கோபிசெட்டிபாளையம்

முதலாவது எளிது. ஜிடிடிபி மரபணுத்தொகுதியின் அடிப்படையில் பேரினங்களைப் பிரிக்கிறது. முறையான புதுப்பெயர் இல்லாத கிளைக்குப் பழைய பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்க்கும். ஃபுளோரசன்ஸ், புட்டிடா ஆகியவை அதில் "சூடோமோனாஸ்_ஈ". நீங்கள் தேடிய பெயரில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் கூட்டம்தான் இருக்கும். முழுப்பெயர் பொருந்த வேண்டும் என்று தேடாமல், "சூடோமோனாஸ்" என்று தொடங்குவதையெல்லாம் எடுங்கள்.

இரண்டாவதில்தான் ஆபத்து. செடியின் மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் 16எஸ் இருக்கிறது, வேர்த்திசுவில் ரீட்களில் பெரும்பங்கை அவையே விழுங்கலாம். சில்வாவில் பசுங்கணிகம் சயனோபாக்டீரியாவுக்குள் ஓர் ஆர்டர், மைட்டோகாண்ட்ரியா ரிக்கெட்சியேல்ஸுக்குள் ஒரு குடும்பம். பழைய கிரீன்ஜீன்ஸில் பசுங்கணிகம் ஒரு வகுப்பு. இவற்றைப் பெயர் சொல்லி நீக்கிவிடலாம். ஜிடிடிபியில் பாக்டீரியா, ஆர்க்கியா மரபணுத்தொகுதிகள் மட்டுமே உண்டு, செடியின் உறுப்புகளுக்கு இடமில்லை. ஆகவே மஞ்சளின் மைட்டோகாண்ட்ரியா ரீட் "ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா, மேற்கொண்டு தெரியாது" என்று உட்கார்ந்துகொள்ளும், நீக்கும் கட்டளைக்கும் அகப்படாது. முதலில் சில்வாவால் பெயரிட்டு உறுப்பு ரீட்களின் அடையாள எண்களை எடுத்து நீக்குங்கள், மிச்சத்துக்கு ஜிடிடிபி பெயர் கொடுங்கள்.

ஆர் மொழியில் ஃபைலோசெக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி. "குடும்பம் மைட்டோகாண்ட்ரியா அல்லாதவை" என்று நிபந்தனை கொடுத்தால், குடும்பப் பெயரே கிடைக்காத ஏஎஸ்விகளும் சேர்ந்து போய்விடும். பெயரில்லாதவற்றையும் வைத்துக்கொள் என்று நிபந்தனையில் சேர்க்க வேண்டும். மண் மாதிரியில் இது சிறு இழப்பல்ல. நீக்குவதற்கு முன்னும் பின்னும் மொத்த ரீட் எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள்.

காங்கேயம் மாட்டின் இரைப்பை மாதிரியில் முழு மெட்டாஜீனோம் (மாதிரியின் மொத்த டிஎன்ஏவையும் படிப்பது) செய்து, ரீட்களுக்குப் பெயரிடும் கிராக்கன்2-வில் ஓட்டினோம். பெரிய, புதிய தரவுத்தளத்துக்கு மாறியதும் சிற்றின அளவில் பெயர் கிடைத்த ரீட்கள் குறைந்துவிட்டன. ஏன்?
– காங்கேயம்

ஒரு துண்டு இரண்டு சிற்றினங்களில் இருந்தால் கிராக்கன் அதை அவற்றின் பொது மூதாதைக்கு, அதாவது பேரினத்துக்குத் தள்ளிவிடும். தரவுத்தளத்தில் நெருங்கிய உறவுகள் கூடக்கூட, முன்பு ஒரே சிற்றினத்துக்கு உரியதாகத் தெரிந்த துண்டுகள் பொதுவானவை ஆகிவிடும். பழைய விடையில் இருந்த துல்லியம் பாதி போலி. கிராக்கனின் துணை நிரலான பிராக்கனால் ரீட்களைச் சிற்றினங்களுக்குப் பங்கிடலாம், ஆனால் பிராக்கன் ஃபைல் அதே கிராக்கன் தரவுத்தளத்திலிருந்தும் உங்கள் ரீட் நீளத்துக்கும் தயாரித்ததாக இருக்க வேண்டும்.

எங்கள் வழிகாட்டி கிரீன்ஜீன்ஸ் 13_8-ஐயே தொடரச் சொல்கிறார். பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமாம். ஆய்வேட்டில் எதை எழுதுவது?
– சேலம்

அந்தப் பதிப்பு 2013 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. பிறகு பல ஆண்டு இடைவெளி விட்டு வந்த கிரீன்ஜீன்ஸ்2 (முதல் வெளியீடு 2022.10) ஜிடிடிபி பெயர்களைப் பின்பற்றும் புதிய தரவுத்தளம், பழையதன் தொடர்ச்சி என்று எண்ணி இரண்டையும் கலக்க வேண்டாம். 16எஸ் தரவிலிருந்து நுண்ணுயிர்களின் செயல்பாட்டைக் கணிக்கும் பைகிரஸ்ட் கருவியின் முதல் பதிப்பு கிரீன்ஜீன்ஸைக் கேட்டதால் பலர் அதில் தங்கிவிட்டார்கள். பைகிரஸ்ட்2 ஏஎஸ்விகளை நேரடியாக எடுத்துக்கொள்கிறது, அந்தக் காரணம் இப்போது இல்லை. ஐயாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பழைய ஆய்வின் மூல ஃபைல்கள் கிடைத்தால் அவற்றையும் புதிய பதிப்பால் பெயரிட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் முக்கிய முடிவைப் புதியதில் தந்துவிட்டு, ஒப்பீட்டுக்கு மட்டும் 13_8 அட்டவணையைப் பின்னிணைப்பில் வைக்கலாம்.

ஆய்வேட்டில் "சில்வா பயன்படுத்தினோம்" என்ற ஒற்றை வரி போதாது. தரவுத்தளம், பதிப்பு எண், என்ஆர்99 போன்ற தொகுப்பின் பெயர், வெட்டிய பகுதியும் பிரைமரும், பெயரிட்ட கருவியும் அதன் பதிப்பும், நம்பிக்கை வரம்பு ஆகியவை வேண்டும். கடைசி எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். க்யூமி2-வின் சைகிட்-லேர்ன் முறை தானாக 0.7 எடுக்கும், டாடா2-வின் பெயரிடும் கட்டளை தானாக 50 எடுக்கும். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. டாடா2-வில் தற்செயல் எண்ணின் விதையையும் நிலைப்படுத்தி எழுதுங்கள், இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும் சில ஏஎஸ்விகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெயர் பெறுவதும் இழப்பதுமாக இருக்கும். ஏஎஸ்வி சீக்வென்ஸ்கள் அடங்கிய ஃபாஸ்டா ஃபைலை அட்டவணையோடு சேர்த்து ஒப்படையுங்கள்.